கடல் கடந்தார் கண்ட சுற்றம்

மனிதனுக்குச் சுற்றம் பிறப்பால் அமைகின்றது. பிறந்த மண்ணையும் உற்றாரையும் ஒருங்கே பிரிந்தவனுக்கு அஃது எதனால் அமையும்? அந்நாளில் நேட்டால் எனப்பட்டு, இன்று குவாசுலு-நேட்டால் என வழங்கும் தென்னாப்பிரிக்க மாநிலத்தில் வாழும் தமிழ் மக்களின் வரலாறு இவ்வினாவிற்கு விடை கூறுகின்றது.

1860ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னைத் துறையினின்று புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. வந்திறங்கியோர் 342 பேர். அன்று முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமாவர். வறுமையும் பஞ்சமும் கடனுமே அவர்களைக் கப்பலேற்றின.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்குரியது. உணவும் உறையுளும் போக, முதலாண்டுக் கூலி திங்களுக்குப் பத்து ஷில்லிங். பின்னர் ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயரும். விடுப்புச் சீட்டின்றித் தோட்டத்தைவிட்டு அகலுதல் குற்றம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. ஏட்டில் அவ்வெண்ணே ஆளாயிற்று. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்பதே அரசினர் வகுத்த அளவாதலால், இல்லறம் என்பது பலர்க்குக் கிட்டாப் பேறாயிற்று.

இந்நிலையில் முதலில் முளைத்தது கப்பல் உறவு. உடன் பயணம் செய்தோர் உடன்பிறந்தார் போலாயினர். வடநாட்டார் இதனை ‘ஜஹாஜி பாய்’ என்றனர். ஓர் ஊராரல்லர், ஒரு குலத்தாரல்லர். ஆயினும் ஒரே கப்பலில் அலைக்கு அஞ்சியவர் என்பதே அவர்க்கு உறவாயிற்று.

அவ்வுறவு தங்கி வளர ஓர் இடம் வேண்டுமன்றோ? அதுவே திருக்கோயில். மண்ணும் கழியும் தகரமும் கொண்டு தோட்டத்தின் ஒரு மூலையில் எழுந்த சிறு குடிலே அவர்தம் முதற் கோயில். பூசை செய்தவரும் பெரும்பாலும் உடன் உழைத்த கூலியே. ஏட்டில் எண்ணாக நின்றவன் இறைவன் திருமுன்னர்த் தன் பெயரோடு நின்றான்.

மாரியம்மை வழிபாடு அவர்களிடையே ஆழ வேரூன்றியது. தோட்ட முதலாளிகள் அளித்த விடுமுறைகளோ மிகச் சில. அவற்றுள் ஒன்று கிறித்தவர்தம் புனித வெள்ளி. அந்நாளையே அவர்கள் அம்மன் விழா நாளாகக் கொண்டனர். இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் உள்ள மாரியம்மன் கோயில்களில் அவ்வழக்கம் இன்றும் நிலவுகின்றது. பிறர் தந்த நாளாயினும் அதனைத் தம் அன்னையின் நாளாக்கிக் கொண்ட அன்பின் திறம் வியத்தற்குரியது.

ஒப்பந்தம் முடிந்தும் துன்பம் முடியவில்லை. மீண்டும் ஒப்பந்தம் செய்யாமலும் தாயகம் திரும்பாமலும் அங்கே தங்கியோர்மீது, 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. அதனினும் கொடிய இடி 1913 மார்ச்சில் விழுந்தது. பலதார மணத்தை ஒப்பும் சமயமுறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்று கேப் உயர்நீதிமன்றத்தின் நீதிபதி செர்ல் தீர்ப்பளித்தார். இறைவன் திருமுன்னர்த் தாலி பூண்ட மங்கையர் சட்டத்தின் கண்ணுக்கு மனைவியரல்லர் என்னும் நிலை உண்டாயிற்று.

துன்பத்திடையே தேடிப் பெற்ற குடும்பம் ஒரு தீர்ப்பால் அழிவதா? காந்தியடிகள் நடத்திய அறப்போரில் அதுகாறும் ஒதுங்கியிருந்த பெண்களும் புகுந்தனர். தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, வேலைநிறுத்தம் செய்யுமாறு தொழிலாளரைத் தூண்டினர். சிறை புகுந்தவருள் ஒருவர், தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை. சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளிவந்த அவர், 1914 பிப்ரவரி 22ஆம் நாள், தமது பதினாறாம் அகவையில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியில் நடந்த இந்தியத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பும் வழங்கியது.

டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875ஆம் ஆண்டளவில் எழுந்த கோயிலின் வரலாறு இம்மக்களின் வரலாற்றையே ஒத்தது. வெள்ளம் அதனை அழித்தது. அடியார்கள் மனந்தளர்ந்தாரில்லை. 1947இல் கேட்டோ மேனரில் ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் எழுந்தது. ஆற்று வெள்ளத்தின்பின் அரசாணை வெள்ளம் வந்தது. 1950ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தினால் கேட்டோ மேனர் இந்தியர் பலர் தம் இல்லங்களினின்று அகற்றப்பட்டனர். வீடுகள் இடிந்தன, ஆலயம் நின்றது. சிதறுண்டோர் தீமிதி விழாவிற்கு அங்கேயே மீண்டும் வந்து கூடினர். ஊர் அழிந்த பின்னும் ஊராரை ஒன்றுசேர்த்தது அத்திருக்கோயில்.

இன்று அவர்தம் வழித்தோன்றல்களுள் தமிழ் பேச அறியாதார் பலர். எனினும் காவடி சுமக்கும் தோளும், வேல் கண்டு கூப்பும் கையும் அவர்தம் முன்னோரை மறந்தனவல்ல. கோயில் என்பது கல்லடுக்கு மட்டுமன்று. உற்றாரற்றார்க்கு உறவு தரும் தாய்வீடு. புதுக்கலயம் ஏறும் ஒவ்வொரு கோபுரத்தின் கீழும், வெளியூரிலிருந்து தனியே வந்து நிற்கும் ஒருவனுக்கு ‘வாரும்’ என்று இடந்தருவார் இருப்பின், குடமுழுக்கின் பயன் நிறைவெய்தும்.