எண்ணப்படாத அடிகள்: சிறார் மோதல் விளையாட்டில் பயிற்சித் திடலின் பங்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009இல் லிஸ்டெட் சட்டத்தை நிறைவேற்றியது. பள்ளி அளவிலான அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு, மீண்டும் களமிறக்கப்பட்டு, மூளைக்குள் இரத்தம் கசிந்து உயிர் ஊசலாடிய 13 வயதுச் சிறுவனின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. கன்கஷன் எனப்படும் மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே மாணவரை வெளியேற்ற வேண்டும், மருத்துவத் தகுதி பெற்றவர் எழுத்தில் அனுமதி தரும்வரை ஆடவிடக் கூடாது என்பது அதன் சாரம். சில ஆண்டுகளுக்குள் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. பிள்ளைகளின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அறிகுறி தெரிந்த அடியை மட்டுமே இது அடியாகக் கொள்கிறது. தலைசுற்றல் இல்லை, வாந்தி இல்லை, பையன் எழுந்து ஓடிவிட்டான் என்றால் சட்டத்தின் பார்வையில் எதுவும் நடக்கவில்லை. கடந்த இருபது ஆண்டு நரம்பியல் ஆய்வுகளோ வேறொன்றைச் சொல்கின்றன. நீண்டகாலச் சேதத்தைக் கணிக்க எண்ண வேண்டியவை மூளையதிர்ச்சிகள் அல்ல. அறிகுறியே காட்டாத அடிகளின் திரண்ட அளவைத்தான் பார்க்க வேண்டும். அந்த அடிகளில் பெரும் பங்கு விழுவது பயிற்சித் திடலில். தடுப்பு நடவடிக்கையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இப்படித் திரளும் அடிகளால் வரும் மூளைச் சிதைவு நோயின் வரலாறு பழையது. நியூஜெர்சியின் நோயியலர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இல் குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் அறிவு மந்தத்தையும் பதிவு செய்தார். இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் குழுவினர் 1973இல் 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து எழுதினர். 2002இல் 50 வயதில் இறந்த கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை பிட்ஸ்பர்கில் பென்னட் ஒமாலு ஆராய்ந்து, 2005இல் முடிவுகளை வெளியிட்ட பிறகே அமெரிக்கக் கால்பந்து உலகம் திரும்பிப் பார்த்தது.

சி.டி.இ. என்று சுருக்கமாக வழங்கும் இந்த நாட்பட்ட மூளைச் சிதைவில், டௌ என்னும் புரதம் பிறழ்ந்து, மூளை மடிப்புகளின் அடியாழத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிகிறது. இறந்த பின் மூளையை வெட்டிப் பார்த்தே இதை உறுதி செய்ய முடியும். படிவு ஏன் மடிப்புகளின் அடியில் தொடங்குகிறது என்பதற்கு இயற்பியல் வழியில் ஒரு விளக்கம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் ஹோல்போர்ன் 1943இலேயே மண்டையோட்டு வடிவில் ஜெலட்டினை வைத்துச் சோதித்து, நேரான உந்துதலைவிடத் தலையின் சுழற்சியே உள்ளிருக்கும் மென்மையான பொருளை அதிகம் இழுத்துத் திரிக்கிறது என்று காட்டினார். அந்தத் திரிபு மடிப்புகளின் அடியில் குவிகிறது என்கின்றன பிற்காலக் கணினி மாதிரிகள். ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை சுழல்வதை அதனால் நிறுத்த முடியாது. பிள்ளைகளிடம் இந்தச் சிக்கல் கூடுதல். உடலோடு ஒப்பிட்டால் அவர்களின் தலை கனமானது. கழுத்துத் தசை வலுவற்றது. நரம்பிழைகளின் உறை இன்னும் முழுமையடையாதது.

திரண்ட அளவுக்கான சான்றுகளுக்கு வருவோம். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 266 கால்பந்து வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சி.டி.இ. இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் சுமார் 30 விழுக்காடு கூடுவதாகக் கணக்கிட்டனர். 2023இல் 631 பேரை வைத்து டேனியல் தனேஷ்வர் குழு செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. கண்டறியப்பட்ட மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கைக்கும் நோய்க்கும் தொடர்பு தென்படவில்லை. வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த விசைக்கும் நோய்க்கும் இருந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தார் உயர்நிலைப் பள்ளி வீரர்களைப் பருவம் முழுவதும் கண்காணித்தபோது, மூளையதிர்ச்சி என்று யாரும் சொல்லாத மாணவர்கள் சிலரின் மூளை இயக்கப் படங்களில் மாற்றம் தெரிந்தது.

இந்த அடிகள் எங்கிருந்து வருகின்றன? வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 7, 8 வயதுச் சிறுவர்கள் ஏழு பேரின் ஹெல்மெட்டுக்குள் உணரிகளைப் பொருத்தினர். ஒரு பருவத்தில் ஒரு சிறுவனுக்குச் சராசரியாக 107 தலையடிகள். பெரும்பாலானவை லேசானவை. ஆனால் சில, வளர்ந்த வீரர்கள் வாங்கும் கடுமையான அடிகளுக்கு நிகராக இருந்தன. அந்தக் கடுமையான அடிகளில் பெரும்பாலானவை பயிற்சியில் பதிவானவை. மாதிரி மிகச் சிறியது என்பது உண்மை. ஆயினும் பயிற்சி முறைகளை அறிந்தவருக்கு இது வியப்பாக இராது. ‘ஓக்லஹோமா டிரில்’ என்று பெயர் பெற்ற பயிற்சியில் இரு வீரர்கள் குறுகிய பாதையில் எதிரெதிரே நிறுத்தப்படுவார்கள். விசில் ஊதியதும் முட்டிக்கொள்வார்கள். பின்னால் பந்தோடு ஒருவன் ஓடிவருவான். விலகி ஓட வழி கிடையாது; வழி இல்லாமல் செய்வதே அதன் நோக்கம். ஆட்டத்தில் தற்செயலாக நேரும் மோதலைப் பயிற்சியாளர் இங்கே நேரம் குறித்து, வரிசை போட்டு நடத்துகிறார்.

எதிர்வாதங்கள் உண்டு, கனமானவையும் உண்டு. 2017இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் 111 தொழில்முறை லீக் வீரர்களில் 110 பேருக்கு நோய் இருந்தது. ஆனால் அவை குடும்பங்கள் தாமே முன்வந்து அளித்த மூளைகள். அறிகுறி கண்டவர்களே பெரிதும் அளித்திருப்பார்கள் என்பதால் இந்த விகிதத்தை எல்லா வீரர்களுக்கும் பொருத்துவது பிழை. அதே தொகுப்பில் உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3, கல்லூரிவரை ஆடியவர்கள் 53 பேரில் 48 என்று படிப்படியாக ஏறும் வரிசையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்னொன்று, 1957இல் பள்ளி முடித்த விஸ்கான்சின் ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. பள்ளியில் கால்பந்து ஆடியவர்களுக்கு முதுமையில் அறிவாற்றல் குறைவோ மனச்சோர்வோ கூடுதலாக இல்லை. பெற்றோரின் அச்சத்தைத் தணிக்கும் இந்த முடிவை மறைப்பது நேர்மையாகாது. அவர்களில் பெரும்பாலோர் பள்ளி அளவில் சில ஆண்டுகளே ஆடியவர்கள் என்று கொண்டால், அந்த முடிவு திரண்ட அளவு என்ற கருத்தோடு மோதவில்லை. குறைந்த அளவு, குறைந்த ஆபத்து என்றே அதையும் வாசிக்கலாம்.

தொழில்முறை லீக்கின் வீரர் சங்கம் 2011இல் நிர்வாகத்தோடு பேசி, ஒரு பருவத்தில் கவசமணிந்த மோதல் பயிற்சி 14 முறைக்கு மேல் கூடாது என்று எழுதி வாங்கியது. 2019இல் லீக் அணிகள் ஓக்லஹோமா டிரில்லையும் கைவிட்டன. கோடிகளில் சம்பளம் வாங்கும் வளர்ந்த ஆண்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு இது. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சங்கமும் கிடையாது, பேரம் பேசும் வலிமையும் கிடையாது; தனக்கு என்ன நேர்கிறது என்று அறிந்து சம்மதிக்கும் வயதும் இல்லை. அவனுக்கான வரம்பைச் சட்டமன்றம்தான் போட வேண்டியிருந்தது. கலிபோர்னியா 2014இல் பள்ளிகளுக்கு வாரம் இரு மோதல் பயிற்சி, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்று வரையறுத்தது. பள்ளிக்கு வெளியே ஆடும் சிறுவர் அணிகளுக்கு வாரம் இருமுறை 30 நிமிடம் என்ற வரம்பு 2021இல்தான் நடப்புக்கு வந்தது. மிகவும் சிறியவர்களுக்கான காப்பு எல்லாருக்கும் கடைசியாக வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மோதாமல் மோதக் கற்க முடியாது என்பார்கள் பயிற்சியாளர்கள். டார்ட்மத் கல்லூரியின் பட்டி டீவன்ஸ் 2010இல் தம் அணியின் பயிற்சிகளில் வீரர் வீரரை வீழ்த்துவதை அடியோடு நிறுத்தினார். பஞ்சுப் பொதிகளை வைத்தும், பிறகு தொலைவிலிருந்து இயக்கும் ஓடும் பொம்மையை வைத்தும் கற்றுக்கொடுத்தார். 2015இல் அந்த அணி ஐவி லீக் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டே அந்த லீக்கின் பயிற்சியாளர்கள் எல்லோரும் பருவகாலப் பயிற்சியில் இதைப் பின்பற்ற முடிவெடுத்தனர். காலால் பந்தை உதைத்து ஆடும் மற்ற நாடுகளின் கால்பந்திலும் இதே திசை தெரிகிறது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், நரம்புச் சிதைவு நோயால் இறப்பது பொதுமக்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு எனத் தெரிந்தது. அடுத்த ஆண்டே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் தலையால் பந்தை முட்டுவதை நிறுத்தின. அங்கும் முதலில் கைவைத்தது பயிற்சியில்தான்.

பயிற்சியைக் குறைப்பது முதல் படி. ஆடும் ஆண்டுகளைக் குறைப்பது அடுத்தது. 12 வயதுக்கு முன் தொடங்கினால் மூளைக்குத் தனிக் கேடு உண்டா என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. அந்தத் தகராறு தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எட்டு வயதில் தொடங்குபவனுக்கும் பதினான்கில் தொடங்குபவனுக்கும் இடையே ஆறு ஆண்டு அடிகள் வித்தியாசம். ஆண்டுக் கணக்கே ஆபத்தை ஏற்றுகிறது என்றால் அந்த ஆறு ஆண்டுகளைக் கழிக்க அதுவே போதிய காரணம். 12 வயதுக்குட்பட்டோருக்கு மோதல் கால்பந்தைத் தடை செய்யும் மசோதா 2024இல் கலிபோர்னியாவில் விவாதத்துக்கு வந்தபோது, தாம் கையெழுத்திடப் போவதில்லை என்று ஆளுநர் அறிவித்தார். மசோதா அத்தோடு நின்றது. முடிவு பெற்றோருடையது என்பதே அவர் தரப்பு வாதம். தன் பிள்ளையின் தலையில் ஒரு பருவத்தில் எத்தனை அடி விழுகிறது என்ற கணக்கே கையில் இல்லாத பெற்றோர் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? குறைந்தபட்சம் ஒவ்வொரு சிறுவர் அணியும் எத்தனை மோதல் பயிற்சி, எத்தனை நிமிடம் நடத்தியது என்பதை எழுதிப் பெற்றோரிடம் தர வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டியை உருவுவதோடு நின்றுவிடும் ஃபிளாக் கால்பந்து மாற்றாக இருக்கிறது. 2023இல் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதை 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிகளில் சேர்த்துவிட்டது. பதினான்கு வயதுவரை அதை ஆடும் பிள்ளைக்கு மேலே செல்லப் பாதை இல்லை என்ற வாதம் இனி நிற்காது.