சைலன்சர் மாத்தலாமா? கொஞ்சம் பழைய கதை

நம்ம பிக்கப்போட சைலன்சர் அடியில துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துடுச்சு. இப்போ மூணு வழி இருக்கு. பட்டை வச்சு வெல்டிங் அடிக்கலாம். கம்பெனி சைலன்சரையே வாங்கிப் போடலாம். இல்லேன்னா மெக்கானிக் பையன் சொல்ற மாதிரி 'ஃப்ரீ ஃப்ளோ' போடலாம். "இழுவை ஏறும்ணா, மைலேஜும் கூடும்"ங்கிறான். விலையும் கம்பெனி சாமானைவிடக் குறைவு. கம்பெனி விலைன்னா ஒரு போகம் கீரைக் காசு போயிடும். அதனால இது சும்மா முடிவு பண்ற விஷயம் இல்ல. இந்தச் சாமான் எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா முடிவு எடுக்கிறது சுலபம்.

எங்க பக்கத்துக் காய்கறி ஒரு காலத்துல ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடிக்குப் போச்சு. முதல்ல மாட்டு வண்டி. சலங்கைச் சத்தமும் சக்கரச் சத்தமும்தான். அப்புறம் லாரி, டெம்போ. 1996-ல மார்க்கெட் கோயம்பேட்டுக்கு வந்தது. 2005-ல டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல். நம்ம ஜனங்க அதுக்கு 'குட்டி யானை'ன்னு பேர் வச்சாங்க. 2011-ல அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. லாரிக்காரருக்குக் காத்திருந்த சின்ன விவசாயி, தானே சரக்கு ஏத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சது இந்த வண்டிகளாலதான். 2020 மே மாசம் கொரோனாவுக்காகக் கோயம்பேட்டை மூடி, திருமழிசையில தற்காலிக மார்க்கெட் போட்டாங்களே, அந்த நாலஞ்சு மாசமும் பூந்தமல்லி ரோட்டுல ராத்திரி பூரா இந்த வண்டிங்கதான்.

சைலன்சரோட கதை இதுக்கெல்லாம் ரொம்ப முந்தியது. 1897-லேயே அமெரிக்காவுல இண்டியானா மாகாணத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இன்ஜின் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கிட்டாங்க. அப்போ ரோடெல்லாம் குதிரை வண்டி. மோட்டார் சத்தத்துக்குக் குதிரை மிரளும், ஜனங்க திட்டுவாங்க. ஆக, ஓட்டுறவனோட வசதிக்காக வந்த சாமான் இல்ல இது. ரோட்டுல போற மத்தவங்களுக்காக வந்தது.

ஆனா ஓட்டுறவன் சும்மா இருப்பானா? அந்தக் கால கார்கள்ல 'கட் அவுட்'னு ஒண்ணு வச்சாங்க. காலால ஒரு மிதி மிதிச்சா, புகை சைலன்சருக்குள்ள போகாம நேரா வெளிய போயிடும். மேடு ஏறும்போது இழுவை கிடைக்கும்னு நம்பிக்கை. சத்தம் தாங்காம பல ஊர்கள்ல அதைத் தடை பண்ணினாங்க. இன்னிக்கு ஃப்ரீ ஃப்ளோன்னு விக்கிறதும் கிட்டத்தட்ட அதே ஆசைதான். பேர்தான் புதுசு.

நம்ம நாட்டுலயும் சட்டம் தெளிவா இருக்கு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 120-வது விதி, எல்லா வண்டிக்கும், டிராக்டருக்கும் சேர்த்து, சைலன்சர் கட்டாயம்னு சொல்லுது. 112-வது விதி புகை கீழ் நோக்கியோ இடது பக்கமாகவோ போகக் கூடாதுங்குது. இடது பக்கம்தானே நடந்து போறவங்க இருப்பாங்க! சத்தம், புகை விதியை மீறி ஓட்டினா, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவையே 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் போடலாம். மூணு மாசம் வரை சிறைக்கும் இடம் இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில ராத்திரி அளவு 45 டெசிபல். நான் கீரை ஏத்திக்கிட்டுப் போற நேரத்துல தூங்கிட்டிருக்கிறவங்கதான் காலையில அந்தக் கீரையை வாங்குறவங்க. அவங்களை எழுப்பிவிட்டு நான் என்ன சம்பாதிக்கப் போறேன்?

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கு. முன்னெல்லாம் சைலன்சர்னா சத்தத்துக்கு மட்டும்தான். 2010-ல சென்னை உட்பட 13 நகரங்கள்லயும், 2017-ல நாடு முழுக்கவும் பி.எஸ்.4 வந்தது. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6. டீசல்ல கந்தகம் 50 பி.பி.எம்-ல இருந்து 10-ஆ குறைஞ்சது. புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர், கரியைப் பிடிக்கிற ஃபில்டர், சென்சர் எல்லாம் அந்தப் பைப்லயே வந்து உட்கார்ந்துடுச்சு. பைப்பைக் கழட்டினா வண்டியோட நுரையீரலையே கழட்டின மாதிரி. கன்வெர்ட்டருக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகம் இருக்கு. "பழசை நாங்களே எடுத்துக்கிறோம்"னு யாராவது ஆசையாச் சொன்னா, ஏன்னு ஒரு தடவை யோசிங்க.

இழுவை நிஜமாவே ஏறுமா? டர்போ டீசல்ல புகை முதல்ல டர்போவைச் சுத்திட்டுத்தான் பைப்புக்கு வருது. சத்தம் பாதி அங்கேயே அடங்கிடும். ஒரு டன் சரக்கோட நாப்பது, அம்பது வேகத்துல போற வண்டிக்குக் கடைசிப் பைப்பை மாத்தி பெருசா ஒண்ணும் கிடைக்காது. சத்தம் கூடினதும் வேகம் கூடின மாதிரி காதுக்குத் தோணும், அவ்வளவுதான். சைலன்சர் அடைச்சுக்கிட்டிருந்தாதான் இழுவை குறையும்.

அப்போ எதை மேம்படுத்தணும்? துருவுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும். டீசல் எரியும்போது தண்ணியும் ஆவியா வரும். பக்கத்துல பக்கத்துலயே ஓட்டி நிறுத்தினா சைலன்சர் நல்லா சூடாகாது. ஆவி தண்ணியாகி உள்ளேயே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மழைக்காலத்துல தேங்குற தண்ணி வெளியிலிருந்து அரிக்கும். அரிச்சு மெலிஞ்ச தகட்டுல வெல்டிங் நிக்காது. பக்கத்துலயே அடுத்த ஓட்டை விழும்.

அதனால கம்பெனி அளவுலயே, அதே கன்வெர்ட்டரை வச்சுக்கிட்டு, சைலன்சரை மட்டும் மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். துருத் தாங்குற தகட்டுல கிடைச்சா கொஞ்சம் கூடக் குடுத்தாவது அதையே வாங்கணும். தொங்குற ரப்பர், கிளாம்ப், ஜாயிண்ட் கேஸ்கெட் மூணையும் சேர்த்துப் புதுசாப் போடணும். பழைய ரப்பர்ல மாட்டினா புது சைலன்சரும் ஆடி ஆடி ஜாயிண்ட்ல விட்டுடும்.