1962: கையெழுத்து விழாத ஒரு காகிதம்

போன ஆகஸ்டில் என் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "நேத்துதான் சுதந்திர தினம் கொண்டாடினோம். இன்னிக்கு எதுக்குத் தாத்தா கீழூர்ல மறுபடியும் கொடி ஏத்துறாங்க?" நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஆகஸ்ட் 16 என்றால் ஒரு விடுமுறை நாள், அவ்வளவுதான். அவனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் வீட்டுக் கதையும் கூடவே வந்துவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். தமிழைப் பின்னால்தான் ஒழுங்காகக் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சரித்திரம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. நிர்வாகம் கைமாறிவிட்டது. ஆனால் சட்டப்படி பார்த்தால் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இன்னும் பிரான்சுக்குச் சொந்தம்தான். 1956 மே 28 அன்று டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரான்ஸ் நாடாளுமன்றம் அதை ஏற்க ஆறு வருஷம் ஆயிற்று. அல்ஜீரியா சண்டை நடந்துகொண்டிருந்த வரை இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கிற பேச்சை எடுக்க அங்கே யாருக்கும் துணிவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் நம் ஒப்பந்தமும் நிறைவேறியது. ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் பத்திரங்களை மாற்றிக்கொண்டன. அன்றுதான் நாம் சட்டப்படி இந்தியர் ஆனோம்.

ஆக 1954 முதல் 1962 வரை எங்கள் அப்பா இந்திய நிர்வாகத்தில் சம்பளம் வாங்கிய பிரெஞ்சுப் பிரஜை. அதை யாரும் விசித்திரமாக நினைத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷம் பயத்தோடுதான் தொடங்கியது. பிப்ரவரி முதல் வாரத்தில் அஷ்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. இந்தக் கட்டுரையைப் படிக்கிற பலருக்கு நினைவிருக்கும். கோயில்களில் ஹோமம், வீடுகளில் விரதம். எங்கள் ஆயா மூன்று நாள் எங்களைத் தெருவுக்கே விடவில்லை. அப்பா மட்டும் வழக்கம்போல் சைக்கிளில் அலுவலகம் போய் வந்தார். "உலகம் அழிஞ்சாலும் வருகைப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கணும்" என்று சிரித்தார். அவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிரெஞ்சில் அவர் எழுதிய மனுக்களைப் படித்துப் பார்க்க மேலதிகாரிகளே வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

உலகம் அழியவில்லை. வெயில் காலத்தில் என் கடைசித் தங்கை பிறந்தாள். நான் செர்த்திபிகா பரீட்சையில் தேறினேன். எங்கள் வகையறாவில் அதைத் தேறிய இரண்டாவது ஆள் நான். முதல் ஆள் அப்பா. அவர் ஒரு பழைய சைக்கிளை வாங்கிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கடற்கரைச் சாலையில் நான் முதல் முறை விழாமல் ஓட்டியபோது அவர் பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த வருஷத்தின் ஏற்றம் அதோடு முடிந்தது என்று அப்போது தெரியாது.

ஆகஸ்ட் 16க்குப் பிறகு ஊரில் ஒரே பேச்சு, ஒப்சியோன். ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிற பிரெஞ்சுப் பிரஜைகள் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். அதற்கு எதுவும் செய்ய வேண்டாம். பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்கிறவர்கள் மட்டும் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அதாவது 1963 பிப்ரவரி நடுவோடு கெடு முடிகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனார் எடுக்கிற முடிவுதான். தகப்பன் இல்லையென்றால் தாயின் முடிவு.

இது எல்லோருக்கும் உண்டு என்பதே பலருக்குத் தெரியவில்லை. 1881 ஆணைப்படி இந்துச் சட்டத்தை விட்டு, குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களுக்கு மட்டும்தான் இது என்று எங்கள் தெருவில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ரெனோன்சான் இல்லை. ஆனாலும் எங்களுக்கு உரிமை உண்டு என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் காகிதம் படிக்கிறவர்.

சித்தப்பா முதல் வாரத்திலேயே முடிவெடுத்துவிட்டார். அவர் சொல்தா. இந்தோ-சீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார்.

"அண்ணே, நீங்க படிச்ச படிப்புக்கு இங்க இனிமே என்ன மதிப்பு? எல்லாம் இங்கிலீஷ் ஆயிடும். பசங்களை நினைச்சுப் பாருங்க."

"பிரெஞ்சும் ஆட்சி மொழியா இருக்கும்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்கே தம்பி."

"நம்ம பிரதிநிதிங்க வேற முடிவு எடுக்கிற வரைக்கும்னும் போட்டிருக்கில்ல?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. அப்பா பதில் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 20 அன்று சீனப் படை எல்லை தாண்டியது. எதிர் வீட்டில் ரேடியோ இருந்தது. தினம் இரவு சென்னை நிலையத்தின் செய்திக்காகத் தெருவே அங்கே கூடும். போம்டிலா விழுந்த செய்தி கேட்ட இரவு யாரும் பேசாமல் கலைந்தார்கள். பாதுகாப்பு நிதிக்குத் தங்கம் திரட்டினார்கள். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். அப்பா கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் போட்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று அம்மா அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை, "விரல்ல வெளுத்த தடம் தெரியுது பாருங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

அந்த விரல் மறுபடி கறுக்கவில்லை. நவம்பர் கடைசியில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் இருந்தார். பிறகு ஆஸ்பத்திரி. கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல்களைத் திண்ணையிலிருந்து எடுக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தொரு வயது. நாங்கள் நான்கு பிள்ளைகள். கடைசித் தங்கை இன்னும் உட்காரக் கற்றுக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த பிறகு அம்மா அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். வீட்டுப் பத்திரத்துக்கும் எங்கள் பிறப்புச் சான்றுகளுக்கும் நடுவே மடித்த தாள் ஒன்று இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், பிரெஞ்சு தெரியாது. வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"தம்பி, இது என்னன்னு பாரு."

அப்பாவின் கையெழுத்தேதான். கீழே குறிப்பிடப்படும் நான், இன்ன ஊரில் இன்ன தேதியில் பிறந்தவன், எனக்கும் என் பிள்ளைகளுக்கும் என்று எங்கள் பெயர்கள் வரிசையாக. கைக்குழந்தையின் பெயர் வரை எழுதியிருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமையை 'கொன்சர்வே' செய்ய விரும்புகிறேன் என்று முடிகிறது. கீழே தேதிக்கும் கையொப்பத்துக்கும் இடம் விட்டிருந்தார். இரண்டும் காலி.

கொன்சர்வே என்றால் வைத்துக்கொள்ளுதல், விடாமல் காத்துக்கொள்ளுதல். பள்ளியில் படித்த சொல்தான். ஆனால் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை. "பிரான்சோட இருக்க விரும்புறேன்னு எழுதியிருக்கும்மா" என்றேன்.

"இருக்கன்னா? அங்க போயா?"

"ஆமாம்மா."

அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருந்தேன். பள்ளிச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் பிரான்ஸ் என்பது ஓர் இடம். அதோடு இருப்பது என்றால் அங்கே இருப்பதுதானே. என் சைக்கிளையும் தெருவையும் விட்டுப் போக எனக்கு மனமில்லை என்பதும் உண்மை. அந்த இரண்டில் எது 'ஆமாம்மா' என்று சொல்ல வைத்தது என்று இன்றைக்கும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அம்மா தாளை வாங்கி மடித்து மறுபடியும் பெட்டியில் வைத்தாள். சித்தப்பா இரண்டு முறை வந்து கேட்டார். "அண்ணி, ஒரே ஒரு கையெழுத்துதான். பசங்க பிழைச்சுக்குவாங்க." அம்மா, "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றாள். பொங்கல் போயிற்று. பிப்ரவரியில் கெடுவும் போயிற்று. நாங்கள் ஒன்றும் செய்யாததால் இந்தியர் ஆனோம்.

மூன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நம் பிரதேசத்தில் ஏறக்குறைய 5,000 பேர்தான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்தார்கள். அதில் சித்தப்பா ஒருவர். சில வருஷம் கழித்துக் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, தட்டச்சுப் படித்து, புதுச்சேரி அரசில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததில் பாதிக் கடன் என் ஓய்வுப் பணத்தில்தான் அடைந்தது. பிரெஞ்சுப் பிரஜை மாப்பிள்ளை, பிரெஞ்சுப் பிரஜைப் பெண் என்று கல்யாணச் சந்தையில் அந்த ஒரு காகிதத்துக்கு வந்த விலை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து, பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் ஒரு பழைய கோப்பைப் படித்துச் சுருக்கம் எழுதச் சொன்னார்கள். அதில் ஒப்பந்தத்தின் முழு வாசகமும் இருந்தது. ஐந்தாம் பிரிவை அன்றுதான் முதல் முறை படித்தேன். எழுத்து மூலம் அறிவித்தால் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. இங்கேயே இருந்துகொண்டு பிரெஞ்சுப் பிரஜையாக வாழ்ந்தவர்களைத் தினமும் கடற்கரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்கு வருகிறார்களே, அவர்களைத்தான். இருந்தும் அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. பிறகு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

இரவு சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன். "நான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேம்மா. அங்க போகணும்னு அதுல இல்ல. இங்கயே இருந்திருக்கலாம்."

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதா? மூணு மாசம் பேனாவும் கையுமாத்தானே இருந்தாரு. அவர் போடாத கையெழுத்தை நான் எப்படிப் போடுவேன்?"

அவள் உண்மையைத்தான் சொன்னாளா, பிள்ளை மனம் நோகக் கூடாது என்று சொன்னாளா, தெரியாது. நான் மறுபடி கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தும் இருபது வருஷம் ஆகப் போகிறது.

அப்பாவின் எண்ணம் என்னவென்றும் இப்போது யாரைக் கேட்பது? எங்கள் எல்லோர் பெயரையும் தப்பில்லாமல் எழுதினவர் அதே கையால் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். அவர் அலுவலகத்தில் ஒரு மனுவை எழுதி முடித்தவுடன் கையெழுத்துக்கு வைக்க மாட்டாராம். ஓர் இரவு கழித்து மறுபடி படித்துவிட்டுத்தான் வைப்பாராம். அவரோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னது. அதுவாகவும் இருக்கலாம்.

பேரன் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பேப்பர் இருக்கா தாத்தா?" என்றான். டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். மடிப்பில் கிழியப் பார்க்கிறது. அவன் பிரெஞ்சு படிக்கிறான், கணினி வேலையில் ஒரு பாடமாக. மெதுவாக வாசித்தான். கொன்சர்வே என்ற சொல் வந்ததும் நிறுத்தி, "வெச்சுக்கிறதுதானே?" என்று கேட்டான்.

"ஆமாம்பா, வெச்சுக்கிறதுதான்" என்றேன்.