ஹேஸ்டிங்ஸ்: துறைமுகம் இழந்த ஊரும் அதன் கூழாங்கல் கரையும்

ஹேஸ்டிங்ஸ் என்பது இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில், ஆங்கிலக் கால்வாயின் கரையில் உள்ள பழைமையான கடலோர ஊர் ஆகும். கிழக்கு சசெக்ஸ் கவுண்டியைச் சேர்ந்த இவ்வூர் லண்டனிலிருந்து சுமார் 85 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்கு ஏறத்தாழ 90,000 மக்கள் வாழ்கின்றனர். உலக வரலாற்றுப் பாடத்தில் 1066 என்ற ஆண்டைப் படித்த எவரும் இந்த ஊரின் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் போர் நடந்தது ஒரே ஒரு நாள். அதற்கு முன்னும் பின்னும் இவ்வூரின் வாழ்வைத் தீர்மானித்து வந்தது கடலும், கடல் கொண்டுவந்து குவித்த கூழாங்கற்களும்தான். ஒரு காலத்தில் ஊரின் துறைமுகம் தூர்ந்துபோகத் துணைநின்ற அதே கற்கள், பின்னர் அவ்வூர் மீனவர்களுக்குப் படகுத்துறையாக அமைந்தன.

அமைவிடம்

ஹேஸ்டிங்ஸின் பழைய நகரம் கிழக்குக் குன்று, மேற்குக் குன்று என்னும் இரண்டு மணற்கல் குன்றுகளுக்கு இடையே உள்ள குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. போர்ன் என்னும் ஓடை இப்பள்ளத்தாக்கின் வழியாகக் கடலுக்குச் சென்றது. மேற்குக் குன்றுக்கு அப்பால் பிரயரி பள்ளத்தாக்கு உள்ளது. இன்றைய கடைத்தெருக்களும் ரயில் நிலையமும் அங்குதான் இருக்கின்றன. இடைக்காலத்தில் இந்தப் பகுதியில் கடல் உள்வாங்கிய ஒரு கழி இருந்தது என்றும், அதுவே பழைய துறைமுகம் என்றும் கருதப்படுகிறது. அதாவது, கப்பல்கள் நின்ற இடத்தில் இன்று கடைகள் நிற்கின்றன. கடைத்தெரு எவ்வாறு துறைமுகத்தின் இடத்தைப் பிடித்தது என்பதே இவ்வூர் வரலாற்றின் முக்கியப் பகுதி.

பெயர் தந்த போர்

1066 செப்டம்பர் 28 அன்று நார்மண்டியின் கோமகன் வில்லியம் தன் படையுடன் ஹேஸ்டிங்ஸுக்கு மேற்கே உள்ள பெவன்சி கடற்கரையில் இறங்கினான். பின்னர் ஹேஸ்டிங்ஸுக்கு வந்து அங்கு மண்மேடு எழுப்பி, மரத்தால் ஒரு கோட்டை கட்டினான். இந்தக் கோட்டை வேலை பேயோ சித்திரத் திரையில் காட்டப்பட்டுள்ளது. அப்போது இங்கிலாந்தின் அரசன் ஹரால்டு வடக்கே இருந்தான். செப்டம்பர் 25 அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் என்னுமிடத்தில் நார்வே அரசனின் படையை வென்ற அவன், களைப்பு நீங்கும் முன்பே தெற்கு நோக்கி விரைந்தான்.

அக்டோபர் 14 அன்று இரு படைகளும் மோதின. மோதிய இடம் ஹேஸ்டிங்ஸ் அன்று. அதற்கு வடமேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு மேட்டுநிலம். ஹரால்டு அங்கு கொல்லப்பட்டான். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் முடிசூடினான். போர் நடந்த இடத்தில் அவன் ஒரு துறவி மடத்தை நிறுவினான். அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு இன்றும் 'பேட்டில்', அதாவது 'போர்', என்பதே பெயர். போரின் பெயர் ஹேஸ்டிங்ஸுக்கும், போர்க்களம் பக்கத்து ஊருக்கும் போயின. இரண்டையும் காண விரும்புவோர் ஹேஸ்டிங்ஸிலிருந்து ரயிலில் சிறிது நேரத்தில் பேட்டிலை அடையலாம்.

ஐந்து துறைமுகங்களின் கூட்டு

நார்மன் ஆட்சிக்குப் பின் ஹேஸ்டிங்ஸ் முக்கியத் துறைமுகமாக விளங்கியது. ஹேஸ்டிங்ஸ், நியூ ராம்னி, ஹைத், டோவர், சாண்ட்விச் ஆகிய ஐந்து ஊர்களும் 'சிங்க் போர்ட்ஸ்' எனப்படும் கூட்டமைப்பாக இருந்தன. இது 'ஐந்து துறைமுகங்கள்' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இங்கிலாந்துக்கு நிலையான கடற்படை இல்லாத காலம் அது. இந்த ஊர்கள் சேர்ந்து ஆண்டுக்கு 15 நாட்களுக்கு 57 கப்பல்களை ஆட்களுடன் அரசனுக்குத் தர வேண்டும். அவற்றில் 21 கப்பல்கள் ஹேஸ்டிங்ஸும் அதன் துணை ஊர்களும் தர வேண்டியவை. அதற்கு ஈடாக வரிவிலக்கு, சொந்த நீதிமன்றம் முதலிய சலுகைகள் கிடைத்தன. ஆகவே துறைமுகம் நன்றாக இருக்கும் வரைதான் ஊருக்குச் செல்வாக்கு. துறைமுகம் போனால் அச்சலுகைகளுக்கு அடிப்படையே போய்விடும்.

துறைமுகம் மறைந்தது

1287ஆம் ஆண்டு வீசிய கடும்புயல்கள் இந்தக் கடற்கரையின் வடிவத்தையே மாற்றின. அருகிலிருந்த பழைய வின்செல்சி என்னும் ஊரைக் கடல் கொண்டது. அவ்வூர் மக்களுக்காகக் குன்றின்மேல் புதிய வின்செல்சி உருவாக்கப்பட்டது. ஹேஸ்டிங்ஸில் மேற்குக் குன்றின் மணற்கல் பாறை இடிந்து, கோட்டையின் ஒரு பகுதி கடலில் விழுந்தது. மண்ணும் கல்லும் சேர்ந்து துறைமுகமும் தூர்ந்துபோயிற்று. அடுத்த நூற்றாண்டில் 1339, 1377 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகள் ஊரைத் தாக்கி எரித்தன. வணிகக் கப்பல்கள் வேறு துறைகளை நாடின. ஹேஸ்டிங்ஸ் மீன்பிடி ஊராகச் சுருங்கியது.

ஊரார் எளிதில் விட்டுவிடவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் எலிசபெத் காலத்தில், கடலுக்குள் ஒரு துறை கட்ட முயன்றனர். புயல் அதை அழித்தது. 1896இல் மீண்டும் ஒரு துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினர். பணம் போதாமல் அதுவும் பாதியில் நின்றது. அந்தச் சுவரின் மிச்சத்தைப் பழைய நகரத்தின் கரையில் இன்றும் காணலாம்.

கற்கள் வந்த வழி

இக்கரையில் தாழ் ஓதத்தின்போது மட்டுமே கீழே மணல் தென்படும். மேற்கரை முழுவதும் பழுப்பும் சாம்பலும் வெண்மையும் கலந்த கூழாங்கற்கள். இவற்றில் பெரும்பாலானவை சக்கிமுக்கிக் கற்கள். ஹேஸ்டிங்ஸ் குன்றுகளோ மணற்கல்லாலும் களிமண்ணாலும் ஆனவை. அவற்றிலிருந்து சக்கிமுக்கிக் கல் கிடைக்காது. அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன?

மேற்கே பீச்சி ஹெட் முதலிய இடங்களில் வெள்ளைச் சுண்ணப்பாறைக் குன்றுகள் உள்ளன. சக்கிமுக்கிக் கற்கள் அப்பாறைக்குள் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். அலை மோதும்போது சுண்ணம் கரைந்து தேய்ந்துவிடும். கடினமான கற்கள் மட்டும் தங்கி, உருண்டு, கூழாங்கற்களாகும். இங்கு பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசுவதால் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குகின்றன. ஏறும் அலை கல்லைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும் நீர் அதை நேராகக் கீழே இழுக்கும். இவ்வாறு ஒவ்வோர் அலையிலும் கல் சிறிது கிழக்கே நகரும். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் இந்த நகர்வுதான் துறைமுக வாய்களை அடைத்தது. கிழக்கே டஞ்சனஸ் என்னும் பரந்த கூழாங்கல் முனையை உருவாக்கியதும் இதுவே. எட்டாம் ஹென்றி கடலோரத்தில் கட்டிய கேம்பர் கோட்டை இன்று கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி நிற்கிறது.

கற்கள் நகர்ந்து போய்விட்டால் ஊருக்கு அரண் இல்லை. கூழாங்கல் மேடு அலையின் வேகத்தை உள்வாங்கிக்கொள்வதால்தான் சாலைகளும் வீடுகளும் தப்புகின்றன. எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரைக்குக் குறுக்கே தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. ஒவ்வொரு தூண்டில் வளைவின் மேற்குப் பக்கத்திலும் கற்கள் உயரமாகக் குவிந்திருப்பதையும், கிழக்குப் பக்கம் தாழ்ந்திருப்பதையும் பார்வையாளர் நேரில் காணலாம். கற்கள் எத்திசையில் நகர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பாதியில் கைவிடப்பட்ட துறைமுகச் சுவரும் இதே வேலையைச் செய்தது. கப்பலுக்குப் பயன்படாத அந்தச் சுவர் கற்களைத் தடுத்து மீனவர் கரையை அகலமாக்கியது.

ஸ்டேட்: படகு ஏறும் கரை

பழைய நகரத்தின் எதிரே உள்ள மீனவர் கரைக்கு 'ஸ்டேட்' என்று பெயர். இது 'படகு கரையேறும் இடம்' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். துறைமுகம் இல்லாததால் இங்குள்ள படகுகள் கரையிலிருந்தே கடலில் இறக்கப்படுகின்றன; திரும்பியதும் கரைமேல் இழுக்கப்படுகின்றன. இவ்வாறு கரையிலிருந்து இறக்கப்படும் மீன்பிடிப் படகுத் தொகுதிகளில் ஐரோப்பாவிலேயே பெரியது இதுதான் என்று கூறப்படுகிறது.

முற்காலத்தில் குதிரைகள் சுழற்றும் உருளைகளில் கயிற்றைச் சுற்றிப் படகை இழுத்தனர். பின்னர் இயந்திர வின்ச்சுகள் வந்தன. இன்று புல்டோசர் படகைத் தள்ளி நீரில் இறக்குகிறது. திரும்பி வரும் படகு வேகத்தோடு கரையில் முட்டி ஏறும். உடனே இரும்புக் கயிற்றை மாட்டி வின்ச் மூலம் மேலே இழுத்துவிடுவார்கள். தாமதித்தால் அடுத்த அலை படகைப் பக்கவாட்டில் புரட்டிவிடும். இந்த முறை படகின் அளவுக்கு ஒரு வரம்பு வைக்கிறது. கரைமேல் இழுக்க வேண்டிய படகு ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்க முடியாது. படகு சிறிதாக இருப்பதால் அது நெடுந்தொலைவு போவதில்லை; கடல் கொந்தளித்தால் இறங்குவதே இல்லை. நாக்குமீன், கானாங்கெளுத்தி வகை, ஹெர்ரிங், காட், கணவாய் ஆகியவை பருவத்துக்கு ஏற்பக் கிடைக்கின்றன. படகுகளின் பக்கத்தில் காணப்படும் 'ஆர்.எக்ஸ்.' என்ற எழுத்துகள் பக்கத்து ஊரான ரை துறையின் பதிவைக் குறிப்பவை.

கறுப்பு வலைக்கூடங்கள்

ஸ்டேட்டில் உயரமான கறுப்பு மரக்கூடங்கள் வரிசையாக நிற்கின்றன. இவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 40 முதல் 50 வரை. வலைகளும் கயிறுகளும் பருத்தியாலும் சணலாலும் செய்யப்பட்ட காலத்தில், ஈரம் பட்டால் அவை மக்கிவிடும். அவற்றை உலர்வாக வைக்கவே இந்தக் கூடங்கள். அன்று கடல் இப்போதையதைவிட மிக அருகில் இருந்தது. கரையில் இடம் குறைவு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் சுமார் இரண்டரை மீட்டர் சதுர இடமே கிடைத்தது. பக்கவாட்டில் விரிய முடியாததால் இரண்டு, மூன்று தளங்களாக மேல்நோக்கிக் கட்டினர். உள்ளே ஏணி வைத்து ஏறுவர். மழையும் உப்புக்காற்றும் தாக்காதிருக்க வெளிப்பலகைகளில் கீல் பூசினர். இன்று இவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள்.

அருகில் மீனவர் அருங்காட்சியகம் உள்ளது. 1854இல் மீனவர்களுக்காகக் கட்டப்பட்ட சிறு தேவாலயமே 1956 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. 1912இல் கட்டப்பட்ட 'எண்டர்பிரைஸ்' என்னும் பாய்மரப் படகு அதன் நடுவே நிற்கிறது. சுவரை இடித்துத்தான் அதை உள்ளே கொண்டுவந்தனர்.

உல்லாச நகரம்

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல்நீரில் குளிப்பது உடல்நலத்துக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவியது. செல்வந்தர்கள் கடலோரங்களைத் தேடி வந்தனர். 1828இல் ஜேம்ஸ் பர்ட்டன் என்னும் கட்டடக்காரர் மேற்கே செயிண்ட் லியனார்ட்ஸ் என்ற புதிய நகரை எழுப்பத் தொடங்கினார். 1851இல் ஹேஸ்டிங்ஸுக்கு ரயில் வந்தது. பயணிகள் பெருகினர். 1872இல் யூஜீனியஸ் பர்ச் வடிவமைத்த கடல்பாலம் திறக்கப்பட்டது. 1891இல் மேற்குக் குன்றுக்கும் 1902இல் கிழக்குக் குன்றுக்கும் இழுவை ரயில்கள் ஓடத் தொடங்கின. 1923இல் இங்கு வந்து தங்கிய ஜான் லோகி பேர்டு தம் தொலைக்காட்சிச் சோதனைகளை இவ்வூரில்தான் தொடங்கினார்.

கடல்பாலம் 2010 அக்டோபரில் தீக்கிரையானது. மீண்டும் கட்டப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. 2017இல் பிரிட்டனின் உயரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசைப் பெற்றது.

இன்றைய கேள்வி

மீனவரும் பயணியரும் ஒரே கரையைப் பகிர்ந்துகொள்வது எப்போதும் எளிதாக இருந்ததில்லை. 2012இல் ஸ்டேட்டில் ஒரு கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதற்கு முன் மீனவர்களில் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். கரையின் ஒவ்வொரு துண்டாகப் பிற பயன்பாட்டுக்குப் போனால், நாளை படகு நிறுத்த இடம் இருக்காது என்பது அவர்களின் அச்சம். கலைக்கூடம் ஊருக்கு வருவாய் தரும் என்பது மற்றவர்களின் வாதம்.

இதைவிடப் பெரிய சிக்கல் மீன்பிடி ஒதுக்கீடு. 10 மீட்டருக்கும் குறைந்த படகுகள் இங்கிலாந்தில் எண்ணிக்கையில் பெரும்பான்மை. ஆனால் நாட்டுக்குரிய மீன் ஒதுக்கீட்டில் அவற்றுக்குக் கிடைப்பது சிறு பங்கே. ஹேஸ்டிங்ஸ் மீனவர்களின் சில மீன்பிடி முறைகள் 2005இல் வளங்குன்றா மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றன. கடலுக்குக் குறைந்த தீங்கு செய்பவர்கள் என்று சான்று பெற்றவர்களுக்கே பிழைப்பு நடத்தப் போதிய ஒதுக்கீடு இல்லை. ஒரு காலத்தில் நூற்றுக்கு நெருக்கமாக இருந்த படகுகள் இன்று முப்பதுக்கும் குறைவு.

வலைக்கூடங்களைச் சட்டம் காக்கிறது. கற்களைத் தூண்டில் வளைவுகள் காக்கின்றன. கடற்கரைக் கற்களைப் பெயர்த்தெடுப்பதைத் தடுக்க 1949ஆம் ஆண்டின் கடற்கரைப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் படகை இறக்கும் தொழிலுக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. இளைஞர்கள் அத்தொழிலுக்கு வந்தால்தான் ஸ்டேட் உயிருள்ள துறையாக இருக்கும். வராவிட்டால் அருங்காட்சியகத்தின் நீட்சியாகிவிடும்.

செல்வோர் கவனத்துக்கு

இங்கு கடலின் ஏற்ற இறக்கம் 6 மீட்டருக்கும் மேல் இருப்பதால் ஓத நேரத்தை அறிந்து செல்வது நல்லது. மிகத் தாழ்ந்த ஓதத்தில், மேற்கே புல்வர்ஹைத் கரையில், 1749இல் தரைதட்டிய 'ஆம்ஸ்டர்டாம்' என்னும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் மரச்சட்டங்கள் தெரியும். அது இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்குத் தன் முதல் பயணம் புறப்பட்ட கப்பல். கூழாங்கற்களில் நடக்கத் தடித்த அடியுள்ள காலணி வேண்டும். படகுகள் கரையேறும் நேரத்தில் வின்ச் கயிறுகளைத் தாண்டிச் செல்லக் கூடாது. அவை எந்நேரமும் விறைத்து எழக்கூடும். கரையோரக் கடைகளில் அன்று பிடித்த மீன் விற்கப்படும்.