மழையில் நிற்கும் பைக்கை கவர் போட்டு மூடலாமா? திண்டுக்கல் வாசிகள் கவனிக்க வேண்டியது என்ன?

சாயங்காலம் இடியோடு மழை, மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். ஐப்பசி, கார்த்திகையில் திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் இது பழகிப்போன வானிலை. நாகல் நகர், பேகம்பூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் பல வீடுகளுக்கு வாசல்தான் பைக் ஸ்டாண்டு. கார் ஷெட், போர்டிகோ எல்லாம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கோ, நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கோ, மில் ஷிஃப்ட்டுக்கோ கிளம்ப வேண்டியவருக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அன்றைய சம்பளமே போச்சு. அதனால்தான் மழைக்காலம் வந்தாலே ஒரு கேள்வி எழுகிறது. வெளியே நிற்கும் பைக்கை கவர் போட்டு மூட வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?

சுருக்கமான பதில் என்ன?

காய்ந்த வண்டியை, இன்ஜின் ஆறிய பிறகு, காற்று புகும் கவரால் மூடலாம். நனைந்த வண்டியை மூடவே கூடாது. தினமும் ஓடும் வண்டியாக இருந்தால், முழு கவரை விட சீட்டையும் சாவித்துளையையும் மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் காற்றாட விடுவதே நல்லது. இதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

மழை பைக்கை கெடுத்துவிடுமா?

'மழையில நனைஞ்சா வண்டி வீணாப் போயிடும்' என்று பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பைக் என்பதே மழையில் ஓட்டுவதற்கும் சேர்த்து தயாரிக்கப்படும் வாகனம். பெயின்ட், குரோம் பூச்சு, ரப்பர் சீல், வயர் கனெக்டர்களின் உறைகள் எல்லாம் மழையை மனதில் வைத்தே அமைக்கப்படுகின்றன. ஒரு ராத்திரி மழையில் நின்றதால் நல்ல நிலையில் உள்ள வண்டி கெட்டுப்போகாது.

வண்டியைக் கெடுப்பது காயாமல் தங்கிவிடும் ஈரம். இரும்பு துருப்பிடிக்க தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். நனைந்து, இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் போல்ட்டில் துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. அதே போல்ட் நாள் முழுக்க ஈரமாகவே இருந்தால் செம்பழுப்பு நிறம் தெரிய ஆரம்பித்துவிடும்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், மழைக்கு மறுநாள் காலையில் டிஸ்க்கின் மேல் லேசான செம்மை படர்ந்திருக்கும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டு, மூன்று முறை பிரேக் பிடித்தாலே தேய்ந்து போய்விடும்.

கவருக்குள் நடப்பது என்ன?

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். கவருக்குள் நடப்பதும் அதுதான்.

நனைந்த வண்டியை பிளாஸ்டிக் கவரால் மூடினால், வண்டியிலும் தரையிலும் உள்ள ஈரம் ஆவியாகி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ராத்திரி வெப்பம் குறையும்போது அந்த ஆவி கவரின் உட்புறத்திலும், குளிர்ந்த இரும்பின் மேலும் துளிகளாகப் படிகிறது. காலையில் வெயில் ஏறியதும் மறுபடி ஆவி, ராத்திரி மறுபடி துளி. மழை நின்று இரண்டு நாள் ஆகியும் வண்டி மட்டும் நனைந்துகொண்டே இருக்கும்.

செயின், ஸ்போக்ஸ், சைலன்சர் மூட்டு, ஸ்டாண்டு ஸ்பிரிங், பேட்டரி டெர்மினல் போன்ற இடங்களில்தான் இதன் பாதிப்பு முதலில் தெரியும். சீட்டில் பூஞ்சை வாடை வருவதும் இதனால்தான்.

திண்டுக்கல்லுக்கு ஏன் தனிக் கணக்கு?

கவர் போடலாமா என்பதற்கு எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வண்டியைத் தொடர்ந்து அரிக்கும் என்பதால் ஏதாவது ஒரு மறைப்பு இருப்பது நல்லது.

திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே கூட நிலைமை மாறுகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் சாரலும் பனிமூட்டமும் நாள்கணக்கில் விடாது. கவர் போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி தானாகக் காய வாய்ப்பு குறைவு. அங்கே மேற்கூரைதான் சரியான தீர்வு.

சமவெளியில் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவுப் பகுதியில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கே பெரிதாகப் பெய்வதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அதிலும் மழைக்கு இடையிடையே வெயில் அடிக்கும். அந்த வெயிலும் காற்றும் ஓசியில் கிடைக்கும் டிரையர் மாதிரி. நனைந்த வண்டியை மூடி வைப்பது, கிடைத்த டிரையரை நாமே ஆஃப் செய்வதற்குச் சமம்.

காற்றையும் கணக்கில் வையுங்கள்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கவர் போட்ட பைக் எம்மாத்திரம்? சரியாகக் கட்டாத கவர் காற்று பிடித்து, பாய்மரம் போல உப்பி, சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியையே சாய்த்துவிடலாம். கவருக்கும் டேங்க்குக்கும் நடுவே புழுதி இருந்தால், காற்றில் கவர் படபடக்கும்போது உப்புத்தாள் தேய்த்தது போல பெயின்ட்டில் கீறல் விழும்.

மழைக்கு ஒதுங்க மரத்தடியில் வண்டியை விடுவதும் ஆபத்து. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், திண்டுக்கல் மாவட்டம் வரை வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் மரத்தடி, பழைய சுவர், தளர்ந்த விளம்பரப் பலகை ஆகியவற்றின் அருகே பைக்கை நிறுத்தாதீர்கள்.

எப்போது மூடலாம்? எப்போது கூடாது?

மூடலாம்:

* வெளியூர் செல்வதால் ஒரு வாரம், பத்து நாள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால். கழுவி, முழுவதும் காயவைத்த பிறகு மூடவும்.
* வெயில், புழுதி, பறவை எச்சம் அதிகம் விழும் இடம் என்றால். பறவை எச்சம் காய்ந்து ஒட்டினால் பெயின்ட்டை அரிக்கும்.
* மேலே கூரை இருந்து, பக்கவாட்டுச் சாரல் மட்டும் அடிக்கும் இடம் என்றால்.

மூடக் கூடாது:

* வண்டி நனைந்திருந்தால்.
* ஓட்டிவிட்டு வந்து இன்ஜின் சூடாக இருந்தால். சைலன்சர் சூட்டில் கவர் உருகி ஒட்டிக்கொள்ளும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சைலன்சர் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆறியிருக்க வேண்டும்.
* பெட்ரோல் கசிவு வாடை இருந்தால்.
* பலத்த காற்று வீசும்போது, கவரை அடியில் கட்ட வழியில்லை என்றால்.

எந்த கவர் வாங்குவது?

மெல்லிய பிளாஸ்டிக் கவர் விலை குறைவு. ஆனால் காற்றுப் புகாது, வெயிலில் சீக்கிரம் நைந்து கிழியும். தண்ணீர் உள்ளே போகாத பூச்சு உள்ள பாலியஸ்டர் துணி கவரே நல்லது. வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். காற்றுத் துளைகள் உள்ளனவா, உட்புறம் மென்மையாக இருக்கிறதா, வண்டிக்கு அடியில் பக்கிள் போட்டு இறுக்க பட்டை இருக்கிறதா, வண்டியின் அளவுக்குப் பொருந்துகிறதா?

கவர் தரை வரை தொங்கக் கூடாது. சக்கரத்தின் கீழ்ப்பகுதி வெளியே தெரிந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். தார்ப்பாய் மட்டுமே இருக்கிறது என்றால், வண்டி மேல் போர்த்தாமல், நான்கு மூலையிலும் கயிறு கட்டி பந்தல் மாதிரி உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். கவரை விட இதுவே மேல்.

கவர் போட்டு வைத்திருப்பவர்கள், மழை விட்டு வெயில் வந்ததும் அதைக் கழற்றி கொடியில் காயப்போட வேண்டும்.

கவர் இல்லாமலே பாதுகாப்பது எப்படி?

சீட்: கிழிசல் இருந்தால் உள்ளே உள்ள ஸ்பான்ஜ் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மழை நேரத்தில் சீட் மேல் கேரி பேக் மாட்டும் பழைய வழக்கம் நல்ல வழக்கமே. காலையில் கழற்றிவிட்டால் போதும்.

சாவித்துளை: பூட்டுக்குப் பெயர் போன ஊர் திண்டுக்கல். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பைக் லாக்கில் என்ஜின் ஆயில் விடும் தவறைப் பலர் செய்கிறார்கள். ஆயிலில் புழுதி ஒட்டி சேறாகி லாக் இறுகிவிடும். கிராஃபைட் பவுடர் சிறிதளவு போடலாம்.

டேங்க் மூடி: மூடியைச் சுற்றித் தேங்கும் தண்ணீர் வடிய பல வண்டிகளில் சிறிய துளை இருக்கும். அதில் மண் அடைத்தால் தண்ணீர் டேங்க்குக்குள் இறங்க வாய்ப்பு உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டிங் டிரபிள் வர இதுவும் ஒரு காரணம்.

செயின்: திறந்த செயின் உள்ள வண்டி என்றால், மழையில் ஓட்டிய பிறகு துணியால் துடைத்து செயின் லூப் அடிக்கவும். பிரேக் டிஸ்க், டயர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஸ்டாண்டு: மழையில் மண் இளகி சைடு ஸ்டாண்டு புதையும். அடியில் தட்டையான கல்லோ பலகையோ வையுங்கள். முடிந்தால் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள்.

பிரேக்: டிரம் பிரேக்குக்குள் ஈரம் இருந்தால் பிடிமானம் குறையும். காலையில் கிளம்பியதும், பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டினால் காய்ந்துவிடும்.

கவரைத் தூக்கும் முன் ஒரு தட்டு

மழைக்காலத்தில் காய்ந்த, இருட்டான இடம் தேடுவது நாம் மட்டும் அல்ல. எலி, தேள், பாம்பு எல்லாமே ஒதுங்க இடம் தேடும். பைக், ஸ்கூட்டருக்குள் பாம்பு புகுந்த செய்திகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகின்றன. எலி வந்தால் வயரைக் கடித்துவிடும். எனவே நாள்கணக்கில் மூடிக் கிடந்த கவரை வெறும் கையால் உருவாதீர்கள். குச்சியால் தட்டிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று தூக்குங்கள். பாம்பு இருந்தால் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைக்கலாம்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு?

ஐபி67 தரம் பெற்ற பேட்டரி, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் வகையில் சோதிக்கப்பட்டது. ஆனால் சார்ஜருக்கும் வீட்டு பிளக் பாயின்ட்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மழை படும் இடத்தில் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது சூடு வெளியேற வேண்டும் என்பதால் கவர் போட்டும் மூடக் கூடாது.

தண்ணீரில் மூழ்கினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கவர், மேலே இருந்து விழும் மழையைத்தான் தடுக்கும். கீழே இருந்து ஏறும் தண்ணீரைத் தடுக்காது. சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர் உயரம் வரை தண்ணீர் ஏறியிருந்தால் கிக்கரையோ செல்ஃபையோ தொடாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்பாகங்கள் வளைந்துபோகும். தண்ணீர் தேங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லி கிளெய்ம் மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு. வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போவது நல்லது. அதற்கு முன் தண்ணீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். 2018 செப்டம்பர் முதல் புதிய டூவீலருக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று பலர் நிம்மதியாக இருப்பது இதை நம்பித்தான். ஆனால் வெள்ளத்தில் மூழ்கியது, மரம் விழுந்தது போன்ற சொந்த வண்டியின் சேதத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் பணம் வராது. அதற்கு 'ஓன் டேமேஜ்' பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். பலருக்கு அது முதல் வருடத்தோடு முடிந்துபோயிருக்கும்.

ஆகவே இந்த மழைக்காலத்தில் கவர் வாங்கக் கடைக்குப் போகும் முன், வீட்டில் இருக்கும் பாலிசி பேப்பரை எடுத்து தேதியைப் பாருங்கள். நனைந்த வண்டி வெயிலில் காய்ந்துவிடும். காலாவதியான பாலிசியை மட்டும் வெள்ளம் வந்த பிறகு புதுப்பித்துப் பயனில்லை.