முன்னாள் படைவீரர் மனநலம்

முன்னாள் படைவீரர் மனநலம் என்பது படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்றோரிடம் காணப்படும் மன உளைச்சல், அடங்காத சினம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைப் பற்றியது. போர்முனை வீரர்களின் நினைவிழப்பையும் பார்வையிழப்பையும் பற்றி 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915இல் எழுதினார். வியட்நாம் போருக்குப் பின், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலைத் (PTSD) தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது.

தூக்கத்தில் அலறி எழுவது, பட்டாசுச் சத்தத்துக்குப் பதறுவது, எங்கே போனாலும் வாசலைப் பார்த்தபடியே உட்காருவது என அறிகுறிகள் பல. எல்லையில் உயிரைக் காத்த விழிப்பு வீட்டுக்குள்ளும் தணியாதபோது, தட்டு விழுந்தாலும் கோபம் வருகிறது. அது மனைவி மக்கள்மேல் பாய்கிறது. ராணுவக் கேன்டீனில் வாங்கும் மது தூக்கம் தருவதுபோல் தோன்றினாலும் சினத்தையும் தற்கொலை அபாயத்தையும் கூட்டவே செய்யும். ஆயினும் படைவீரர்களில் பெரும்பாலோர் வன்முறையாளர் அல்லர்.

அமெரிக்காவில் 2021இல் மட்டும் 6,392 முன்னாள் வீரர்கள் தற்கொலை செய்துகொண்டனர். இந்தியாவில் இப்படியோர் எண்ணைச் சொல்ல வழியில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் 'ஓய்வுபெற்றோர்' என்ற இனம் உண்டு, முன்னாள் படைவீரர் என்று தனி இனம் இல்லை. இது பெருங்குறை. இந்திய அமைதிப்படையில் சென்று 1987 முதல் 1990 வரை இலங்கையில் போரிட்டவர்களில் தமிழர்களும் உண்டு. தம் மொழி பேசும் மண்ணில் துப்பாக்கி ஏந்தியவர்களின் மனக்காயத்தை நாம் கேட்டறியவே இல்லை.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை போன்ற ஊர்களுக்குத் திரும்புவோரின் நிலை இன்னும் கடினம். சிப்பாய்கள் பலர் 40 வயதையொட்டியே ஓய்வுபெறுகின்றனர். மிளகும் காப்பியும் மரவள்ளியும் விளையும் அம்மலையில், பென்ஷன் வந்தாலும் பேச்சுத்துணைக்குப் பட்டாளத் தோழர் இருப்பதில்லை. 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குச் செல்ல, அடிவாரத்துக் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். காலில் அடிபட்டால் இறங்குவார்கள். மனதுக்கென்று யாரும் இறங்குவதில்லை.

போலீஸ் வழக்கு வரும் என்றஞ்சித் தற்கொலை முயற்சியை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படாதவரை, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்கிறது, அவரைத் தண்டிப்பதைத் தடுக்கிறது. சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது. சாவைப் பற்றிப் பேசுபவரைத் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். உரிமத் துப்பாக்கியும் பூச்சிமருந்தும் கைக்கெட்டாமல் இருக்கட்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே அழைக்கலாம்.