அண்ணன் குட்டை, தம்பி நெட்டை

1974 செப்டம்பர். கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில், பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறித்துக் கொடுக்கும் கடைக்காரர் ஒருவருக்கு வேலை ஓடவில்லை. பொறிக்கச் சொன்ன வாசகத்தில் ஒரு சொல் இடித்தது. அகராதியைப் புரட்டிப் பார்த்தார், அதில் இல்லை. கடைசியில் ஆர்டர் கொடுத்த ஜாக் ஜான்ஸ்டோனுக்கே போன் போட்டு, டிரையத்லானை எப்படி எழுத்துக்கூட்டுவது என்று கேட்டுவிட்டார்.

ஜான்ஸ்டோனிடமும் அதற்கு அகராதி ஆதாரம் இல்லை. அவரும் டான் ஷனஹான் என்பவரும் நடத்தப்போகும் போட்டிக்குத் தாங்களே வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் ‘டிரை’ என்றால் மூன்று, ‘அத்லான்’ என்றால் போட்டி. ஓட்டம், சைக்கிள், நீச்சல் என மூன்று இருந்ததால் டிரையத்லான். இன்று ஒலிம்பிக்கில் தங்கம் கொடுக்கும் ஒரு விளையாட்டின் பெயர், அன்றைக்கு ஒரு கோப்பைக் கடைக்காரருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தது.

இந்தக் கதையைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் ஓடுவது ஸ்பிரின்ட் எனப்படும் குறுந்தூர டிரையத்லான். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அலுவலகத்தில் யாராவது விசாரித்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “ஓ, அயர்ன்மேனா?” “இல்லைங்க, ஸ்பிரின்ட்தான்.” அந்த ‘தான்’ இருக்கிறதே, அதில் எத்தனை கூச்சம்! பெரியண்ணன் ஊரில் இல்லாத நேரத்தில் தம்பியைப் பார்க்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்பது போல. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பிறந்த கதையைப் பார்த்தால் விஷயம் தலைகீழ். இந்தக் குடும்பத்தில் குட்டைதான் அண்ணன். ஹவாயில் பிறந்த நெட்டைத் தம்பி அயர்ன்மேன் நான்கு வருடம் இளையவன்.

மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் நடத்தும் பந்தயங்கள் 1920-களிலேயே பிரான்சில் நடந்திருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு இந்தப் பெயர் இல்லை, அந்த வழக்கம் கடல் கடந்து போகவும் இல்லை. சான் டியாகோகாரர்கள் அதைப் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. அவர்களைத் தூண்டியது ஒரு பிறந்தநாள் விழா.

அந்த ஊரில் டேவிட் பெய்ன் என்றொரு வழக்கறிஞர். நடுவயதைத் தாண்டியவர்களுக்கான தடகளப் போட்டிகளுக்கு அமெரிக்காவில் வித்திட்டவர். 1972-இல் தம் 50-ஆவது பிறந்தநாளைக் கேக் வெட்டியதோடு விடாமல், கொஞ்சம் ஓட்டம், பிறகு கொஞ்சம் நீச்சல் என்று ஒரு போட்டியாகவே நடத்திவிட்டார். அதற்கு பயத்லான் என்று பெயர். 1973-இல் அது மறுபடி நடந்தபோது ஜான்ஸ்டோன் கலந்துகொண்டார். ஒரு காலத்தில் அவர் நல்ல நீச்சல்காரர். 1957-இல் அமெரிக்கக் கல்லூரி அளவில் முன்னணி நீச்சல்காரர்களின் பட்டியலில் இடம்பிடித்தவர். பிறகு உடம்பு போட்டு, 70-களின் தொடக்கத்தில் அமெரிக்காவெங்கும் பரவிய மெல்லோட்டக் காய்ச்சலில் தாமும் விழுந்து, மறுபடி காலைத் தூக்கியவர். அப்படிப்பட்டவருக்குப் பெய்னின் போட்டி இனித்தது, ஆனால் ஒரு குறையும் இருந்தது. ஓட்டம் நிறைய, நீச்சல் தொட்டுக்கொள்ள மட்டும். நீந்தத் தெரிந்தவனுக்கு இதில் என்ன லாபம் என்று நினைத்திருப்பார். இதே மாதிரி ஒரு போட்டியை நாமே நடத்தலாம், நீச்சலைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம் என்று கிளம்பினார்.

அவர் உறுப்பினராக இருந்த சான் டியாகோ டிராக் கிளப்பில் போட்டி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டவரிடம் கேட்டபோது, ஷனஹானும் ஏதோ விசித்திரமான போட்டி ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறார், இரண்டையும் சேர்த்து ஒன்றாகச் செய்துவிடுங்களேன் என்று பதில் வந்தது. நாட்காட்டியில் கோணங்கிப் போட்டிகள் அதிகமாகிவிடக் கூடாதே என்ற கவலை. ஷனஹானின் யோசனையில் சைக்கிள் இருந்தது. ஜான்ஸ்டோனுக்கு சைக்கிளில் பழக்கமே இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டார். இன்று அமெச்சூர் வீரர்கள் மாதச் சம்பளத்தைக் கொட்டி கார்பன் ஃபைபர் சைக்கிள் வாங்குகிறார்களே, அந்தச் செலவுக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு நாட்காட்டிப் பொறுப்பாளரின் சிக்கனம்.

கிளப்பின் செய்திமடலில் அறிவிப்பு வந்தது. ஓட்டம் மொத்தம் 6 மைல், ஒரே தொடர்ச்சியாக ஓட வேண்டிய அதிகபட்சத் தூரம் 2.8 மைல். சைக்கிள் 5 மைல், அது ஒரே மூச்சில். நீச்சல் 500 கெஜம், அதிலும் ஒரு தடவைக்கு 250 கெஜத்துக்கு மேல் இல்லை. நம் கணக்கில் சுமார் 9.7 கிலோமீட்டர், 8 கிலோமீட்டர், 457 மீட்டர். ஓட்டத்தில் ஏறக்குறைய 2 மைல் புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு. முதல் ஐந்து பேருக்குப் பரிசு. சைக்கிளை அவரவர் கொண்டுவர வேண்டும்.

இந்த அறிவிப்பில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, நீச்சலை இப்படித் துண்டு போட்டது. ஓட்டக்காரர்கள் நடத்தும் போட்டி, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒழுங்காக நீந்த வராது என்பது தெரிந்தே தூரத்தைப் பொடியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சாதாரண மனிதன் முடிக்க வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. இன்னொன்று, அந்த வெறுங்கால். தண்ணீரிலிருந்து ஏறி, ஈரக் காலில் சாக்ஸை மாட்டி, ஷூ கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி இறங்குவது என்றால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஷூவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இன்று ‘டிரான்சிஷன்’ என்று சொல்லி, ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் நிமிடத்தை நான்காவது விளையாட்டாகவே எண்ணுகிறார்கள். அதன் வேர் இந்த மணலில் இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்கிழமை, மாலை 5.45 மணி. நாளைக் கவனியுங்கள், ஞாயிறு அல்ல. வேலை முடித்து வந்தவர்களுக்கான போட்டி. இடம் மிஷன் பே. சதுப்பு நிலமாகக் கிடந்த கழிமுகத்தைத் தூர்வாரி மனிதர்கள் செய்த விளையாட்டு நீர்நிலை அது. வாரிய மண்ணைக் கொட்டியதில் உருவானதுதான் நடுவிலுள்ள ஃபியஸ்டா தீவு. 46 பேர் வந்திருந்தார்கள். சைக்கிள்கள் ஏதேதோ, பந்தய சைக்கிளோடு வீட்டு சைக்கிளும் கலந்தே நின்றன. முதலில் ஓட்டம், பிறகு சைக்கிள், அதன் பின் நீச்சலும் வெறுங்கால் ஓட்டமும் மாறி மாறி.

முதலிடம் பில் பிலிப்ஸுக்கு. ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். ஆனால் பின்னால் வந்தவர்கள் நடத்தியவர்களின் கணக்கைவிட அதிக நேரம் எடுத்தார்கள். செப்டம்பர் கடைசியில் அங்கே ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கடைசி ஆட்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது இருட்டிவிட்டது. கரையில் நின்ற கார்களைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி, ஹெட்லைட்டைப் போட்டு, அந்த வெளிச்சத்தில் அவர்களைக் கரையேற்றினார்கள்.

நீச்சல் ஏன் இன்று முதலில் வருகிறது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. களைத்துப்போன உடம்பைத் தண்ணீரில் இறக்குவதைப் போல் ஆபத்து வேறில்லை. சாலையில் கால் பிடித்துக்கொண்டால் ஓரமாக உட்காரலாம், தண்ணீரில் உட்கார இடம் கிடையாது. மிஷன் பேயில் எல்லோரும் நலமாகக் கரையேறியது அவர்கள் அதிர்ஷ்டம்.

அன்றைக்கு ஓடியவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். பிறகு அவர்கள் ஹவாய்க்குப் போனார்கள். அங்கே 1977-இல் ஒரு பரிசளிப்பு விழாவில் பழைய வழக்கொன்று கிளம்பியது: உடல்தகுதியில் ஓட்டக்காரன் உயர்ந்தவனா, நீச்சல்காரனா, சைக்கிள்காரனா? காலின்ஸ் எழுந்து, தீவில் ஏற்கெனவே நடக்கும் மூன்று நெடுந்தூரப் பந்தயங்களையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முதலில் முடிக்கிறவன்தான் உயர்ந்தவன், அவனை அயர்ன்மேன் என்று அழைப்போம் என்றார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் முதலில் வந்தார், 11 மணி 46 நிமிடத்தில். இரண்டாவதாக வந்த ஜான் டன்பருக்குத் தண்ணீர் தீர்ந்துபோய், உதவிக்கு வந்தவர்கள் பீரைக் கொடுத்தார்கள் என்பது இந்த விளையாட்டின் தீராத கதைகளில் ஒன்று.

தம்பிக்குப் பேர் வந்தது தொலைக்காட்சியால். 1982 பிப்ரவரியில் ஹவாய்ப் போட்டியில் முன்னணியில் வந்த ஜூலி மாஸ் என்ற மாணவி, முடிவுக் கோட்டுக்குச் சில அடிகள் முன்பு கால் மடங்கி விழுந்து, கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப்போவதைப் பார்த்தபடியே தவழ்ந்து போய்க் கோட்டைத் தொட்டார். அமெரிக்கா முழுக்க அந்தக் காட்சியைப் பார்த்தது. டிரையத்லான் என்றால் தவழ்வது என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்தது, இன்னும் போகவில்லை.

அதே 1982-இல்தான் ஜிம் கர்ல், கார்ல் தாமஸ் என்ற இருவர் அமெரிக்க நகரங்களில் தொடர் போட்டிகள் நடத்தத் தொடங்கினார்கள். மூன்று நாள் படுக்க வைக்காத, திங்கட்கிழமை வேலைக்குப் போக விடுகிற தூரம் ஒன்று வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதலில் வைத்த தூரங்களை ஓரிரண்டு வருடத்தில் மாற்றி, 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று நிறுத்தினார்கள். நீச்சல் குளத்தில் பழக்கமான நெடும் பந்தயம் 1500 மீட்டர், சைக்கிளில் தனியாள் நேரப் பந்தயம் 40 கிலோமீட்டர், தடகள ஓடுதளத்தில் மிக நீண்ட ஓட்டம் 10,000 மீட்டர். மூன்று உலகத்திலிருந்தும் அவரவருக்குத் தெரிந்த அளவு. இதை 1989-இல் அவிக்னானில் தொடங்கிய சர்வதேச டிரையத்லான் சங்கம் எடுத்துக்கொண்டது, 2000-இல் சிட்னி ஒலிம்பிக் எடுத்துக்கொண்டது. சிட்னியில் ஓபரா ஹவுஸ் அருகே குதித்த பெண்கள் இரண்டு மணி நேரம் போராடியபின், சுவிட்சர்லாந்தின் பிரிஜிட் மக்மஹோனுக்கும் ஆஸ்திரேலியாவின் மிஷெலி ஜோன்ஸுக்கும் இடையே இருந்தது இரண்டே வினாடி.

அந்த ஒலிம்பிக் தூரத்தைச் சரிபாதியாக மடித்தால் கிடைப்பது ஸ்பிரின்ட். வேகமானவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பார்கள், என்னைப் போன்றவர்கள் ஒன்றரை மணி வாக்கில். மிஷன் பேயில் பிலிப்ஸும் மற்றவர்களும் பட்ட பாடும் ஏறக்குறைய அதே அளவு. தூரங்கள் வேறு, நேரம் ஒன்று. அரை நூற்றாண்டு சுற்றி வந்து விளையாட்டு தன் பழைய வீட்டு வாசலில் நிற்கிறது. அதைவிடவும் குறைந்ததற்கு இப்போது தங்கம் கொடுக்கிறார்கள்: 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் போட்டியில் ஒருவர் செய்ய வேண்டியது 300 மீட்டர் நீச்சல், 6.8 கிலோமீட்டர் சைக்கிள், 2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றுமே மிஷன் பே அளவுக்கு உள்ளேதான்.

சிறிய தூரம் என்றால் சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீளப் போட்டியில் மூச்சு விட நேரம் இருக்கும், இதில் இருக்காது. என் முதல் ஸ்பிரின்டில் சைக்கிளிலிருந்து இறங்கியதும் இரண்டு காலும் யாரோ கழற்றி மாட்டியவை போல இருந்தன. அத்தனை நேரம் வட்டமாகச் சுழன்ற தசைகளை, சட்டென்று உடம்பின் பாரத்தைத் தாங்கி ஓடச் சொன்னால் அவை மறுக்கின்றன. முதல் அரை கிலோமீட்டர் நான் ஓடினேனா, தள்ளாடினேனா என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே ஒரு மானக்கேடு. தண்ணீரிலிருந்து வந்தவன் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, வாரை மாட்டாமல் சைக்கிளைத் தொட்டுவிட்டேன். நடுவர் பெண்மணி, “தம்பி, முதல்ல வார், அப்புறம் வண்டி” என்று நிறுத்தினார். நின்று, நடுங்கும் விரலால் கொக்கியை மாட்டி முடிப்பதற்குள், என் அப்பா வயதுள்ள ஒருவர் ரப்பர் கயிறு போட்ட ஷூவுக்குள் காலை நுழைத்து, கட்டாமலே போய்விட்டார். வயதுக்கேற்ற பிரிவில் அவருக்கு அன்று பரிசும் கிடைத்தது.

ஜான்ஸ்டோனும் ஷனஹானும் போட்ட நிபந்தனைகளில் பலவும் இன்று மாறிவிட்டன. வரிசை தலைகீழாகிவிட்டது, இருட்டில் யாரும் நீந்துவதில்லை, பரிசு ஐந்து பேரோடு நிற்பதில்லை. ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது: சைக்கிளை அவரவர் கொண்டுவர வேண்டும். முதல்முறை போகிறவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போனாலும் பாதகமில்லை. பிரேக்கை மட்டும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள், வாரை முதலில் மாட்டுங்கள்.